அடைக்கோழியா, பொரிப்புப் பெட்டியா? பினாங்கு வீட்டுக் கொல்லைக்கு ஏற்ற வழி

கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முட்டையிட்ட பிறகும் கூட்டைவிட்டு இறங்காது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். கீழே இறக்கிவிட்டாலும் அடித்தொண்டையில் ‘கொக் கொக்’ என்று ஒலியெழுப்பியபடி வெறும் கூட்டுக்கே திரும்பி ஓடும். நெஞ்சடியில் இறகு உதிர்ந்து சூடான தோல் வெளியே தெரியும். பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஊறும் புரோலாக்டின் என்ற இயக்குநீர் கூடுவதால் ஏற்படும் மாற்றம் இது. அது உச்சத்தில் இருக்கும்வரை முட்டையிடுவது நின்றிருக்கும், தீனியும் பாதிக்கும் கீழே போய்விடும்.

பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் தெபால்வரை, தீவுப் பக்கம் பாலேக் பூலாவ்வரை, கம்பத்து வீடுகளிலும் தாமான் எனும் குடியிருப்புப் பேட்டைகளின் ஓரத்து வீடுகளிலும் ஐந்தாறு கோழிகள் வளர்ப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் கடைகளில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது புதிதாக வளர்க்கத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்தவுடன் இவர்கள் எல்லாருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான். அதன் அடியிலேயே முட்டை வைத்துப் பொரிக்க விடுவதா, முட்டையைப் பொரிப்புப் பெட்டியில் வைத்துவிட்டுக் கோழியின் அடையைத் தெளியவைப்பதா, இரண்டையும் கலந்து செய்வதா, எதுவும் வேண்டாம் என்று தீவனக் கடையில் ஒரு நாள் குஞ்சுகளை வாங்கி வருவதா? இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் எத்தனை முட்டைக்கு எத்தனை குஞ்சு என்ற கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அது 21 நாள் கணக்கு மட்டுமே. அதற்கடுத்த ஐந்தாறு வாரங்களுக்குக் குஞ்சுகளுக்குத் தாயாக இருக்கப்போவது யார் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, சிறிய அளவில் வளர்ப்பவருக்கு விடை பெரும்பாலும் கோழியின் பக்கமே சாய்கிறது என்பது என் கருத்து. ஆனால் எல்லாக் கோழிக்கும் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது.

முதலில், எந்த வழியைத் தேர்ந்தாலும் மாறாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முட்டை கருவுற்றதாக இருக்க வேண்டும். அதாவது கூட்டத்தில் சேவல் இருக்க வேண்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். கடையில் தட்டுத் தட்டாக விற்கும் முட்டையை எந்தக் கோழியின் அடியில் வைத்தாலும் கூமுட்டைதான் மிஞ்சும். அடுத்தது முட்டையின் வயது. பண்ணைகளில் அடைமுட்டையை 13 முதல் 18 பாகை செல்சியஸ் குளிரில் ஒரு வாரம்வரை வைத்திருப்பார்கள். நம் வீட்டுச் சமையலறை பகலில் 30 பாகையைத் தொடும். ஏறத்தாழ 21 பாகைக்கு மேலேயே கரு மெல்ல அசையத் தொடங்கிவிடும் என்பதால், நம் ஊர் வெப்பத்தில் வெளியில் கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர்ந்து பலவீனப்படுகிறது. ஆகவே நான்கைந்து நாளுக்கு மேற்பட்ட முட்டையைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, கடைசியாக இட்டவற்றையே அடைக்கு ஒதுக்குவது நல்லது. ஒரே கோழி ஒன்றுவிட்டு ஒரு நாளாகப் பத்து முட்டை சேர்ப்பதற்குள் முதல் முட்டை பழையதாகிவிடும். இரண்டு மூன்று கோழிகளின் முட்டையைக் கலந்து வைப்பதுதான் வழி. முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய படலம் போய்விட்டால் கிருமி உள்ளே நுழைவது எளிது. குளிர்பதனப் பெட்டியிலும் வைக்க வேண்டாம். கூர்முனை கீழே இருக்குமாறு முட்டைத் தட்டில் அடுக்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வைத்தால் போதும்.

இனி அடைக்கோழியின் வழியைப் பார்ப்போம். இதில் நமக்கு வேலையே இல்லை என்று நினைப்பவர்களுக்குத்தான் அதிக ஏமாற்றம். உண்மையில் வேலை உண்டு. ஆனால் அந்த வேலை முழுவதும் தொடக்கத்தில் இருக்கிறது. அடைக்கு வந்துவிட்டதாகத் தோன்றிய உடனே நல்ல முட்டைகளை வைத்துவிடாமல், பழைய கோல்ப் பந்துகளையோ மரமுட்டைகளையோ வைத்து இரண்டு மூன்று இரவுகள் பொறுத்துப் பார்க்க வேண்டும். இரவிலும் கூட்டிலேயே இருக்கும் கோழி உறுதியான அடைக்கோழி. பகலில் மட்டும் உட்கார்ந்து இரவில் மற்றவற்றோடு கம்பில் ஏறிக்கொள்வது நம்பத்தக்கதன்று. உறுதியான கோழியை இரவில்தான் தனிக் கூட்டுக்கு மாற்ற வேண்டும். பகலில் மாற்றினால் பழைய இடத்தைத் தேடிக் கத்தி, அடையையே விட்டுவிடக்கூடும்.

தனிக் கூடு ஏன் என்றால், மற்ற கோழிகள் அதே கூட்டில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும். இப்படிப் பிந்தி வந்த முட்டைகளால் ஒரு கேடு நேர்கிறது. முதல் குஞ்சு வெளிவந்த ஓரிரு நாளில் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். பாதி வளர்ந்த முட்டைகள் கூட்டிலேயே குளிர்ந்து சாகும். ஆகவே எல்லா முட்டையையும் ஒரே மாலையில் வைத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். கோடு இல்லாத முட்டை எப்போது கண்ணில் பட்டாலும் எடுத்துவிடலாம். நடுத்தர உடம்புள்ள நாட்டுக்கோழிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முட்டை தாங்கும். முதல் அடைக்கு உட்காரும் விடைக்கோழிக்கு ஆறு, ஏழுக்கு மேல் வேண்டாம். அடங்காமல் வெளியே தெரியும் முட்டை ஒன்று இருந்தால், கோழி உருட்டி உருட்டி இடம் மாற்றும்போது நாளுக்கு ஒரு முட்டையாக எல்லாமே குளிர்படும்.

கூடு வைக்கும் இடம் நம் ஊரில் மிக முக்கியம். தகரக் கூரைக்கு நேர்கீழே, மதிய வெயிலில் கொதிக்கும் மூலையில் கூடை இருந்தால் கோழி வாயைத் திறந்து மூச்சுவாங்கும், கடைசியில் எழுந்துவிடும். மர நிழலிலோ வீட்டின் கிழக்குச் சுவரோரத்திலோ, தரையை ஒட்டி, காற்றோட்டத்தோடு இருக்க வேண்டும். கூடையின் அடியில் கொஞ்சம் மண்ணைக் குழிவாகப் போட்டு, அதன்மேல் வைக்கோலோ காய்ந்த லாலாங் புல்லோ பரப்பினால் முட்டைகள் நடுவில் கூடி நிற்கும். பேன், உண்ணிக்கு வேப்பிலையோ செராய் எனும் எலுமிச்சைப்புல் தாளோ இடையில் சொருகுவது தோட்டத்து லயங்களில் இருந்த காலத்திலிருந்தே வழக்கம். வாசனை கொஞ்சம் உதவலாம். முழுக்க அதையே நம்பக் கூடாது. சிவப்பு உண்ணி பெருகிவிட்டால் இரவில் கோழியின் இரத்தத்தை உறிஞ்சி, நல்ல அடைக்கோழியையும் விரட்டிவிடும். பழைய வைக்கோலை எரித்துவிட்டு, புதியது வைப்பதற்கு முன்பே மரச்சட்டங்களின் இடுக்குகளைப் பார்த்துவிடுவது சிரமம் குறைக்கும்.

அதற்குப் பிறகு நாளொன்றுக்குக் கால் மணி நேர வேலைதான். அடைக்கோழி ஒரு நாளில் ஒரு முறை, 15 முதல் 20 நிமிடங்கள் எழுந்து தின்று குடித்துத் திரும்புவது இயல்பு. சில கோழிகள் எழவே மறுக்கும். சுங்கை பாக்காப்பில் என் அத்தை காலையில் அடைக்கோழியை இறக்குவதைப் பார்க்க வேண்டும். “றெக்கைக்குள்ள முட்டை ஒட்டியிருக்கான்னு தடவிப் பார்த்துட்டுத் தூக்குய்யா, இல்லன்னா பாதியில கீழ விழுந்து உடைஞ்சிடும்” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் அடியில் விட்டு, இறக்கை மடிப்பைத் தடவி, சிக்கிய முட்டையைக் கூட்டுக்குள் நழுவவிட்டுப் பிறகுதான் தூக்குவார். கீழே வைத்ததும் கோழி சிறிது நேரம் திகைத்து நிற்கும்; பிறகு பெரிய, நாற்றமடிக்கும் எச்சம் ஒன்றைப் போடும்; தண்ணீர் குடிக்கும்; சோளத்தைக் கொத்தும்; சாம்பல் கலந்த மண்ணில் புரண்டுவிட்டுத் தானே கூட்டுக்கு ஓடிவிடும். அந்த எச்சம் கூட்டுக்குள் விழாமல் வெளியே விழுவதே இந்த வேலையின் பாதிப் பயன். அடைக்காலத்தில் முட்டைக்கோழித் தீவனத்தைவிடச் சோளம், நெல் போன்ற முழுத் தானியம் ஏற்றது. கழிச்சல் கெட்டியாக இருக்கும், உடம்பிலும் சூடு நிற்கும்.

ஏழாம் நாள் இரவு முட்டைகளை ஒளியில் பார்க்கலாம். கைப்பேசி டார்ச்சின் மேல் அட்டைச்சுருள் ஒன்றை நிறுத்தி, முட்டையின் தட்டைமுனையை அதன் வாயில் வைத்தால், உயிருள்ள முட்டையில் நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால்போல் விரியும் சிவப்பு நரம்புகளும் தெரியும். ஒன்றும் இல்லாமல் பழுப்பு மஞ்சளாக ஒளிர்வது கூமுட்டை. நரம்பு இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு தொடங்கி இறந்துவிட்டது என்று பொருள். இவ்விரண்டையும் எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அழுகி, வாயு ஏறி, மூன்றாம் வாரத்தில் வெடித்துக் கூட்டையே பாழாக்கும். பதினான்காம் நாள் இன்னொரு முறை பார்ப்பது போதும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கோழியைத் தொடவே கூடாது.

இந்த முறையின் பலம், முட்டைக்கு வேண்டிய 37.5 பாகை வெப்பத்தை யாரும் அளக்காமலே கோழி வைத்துக்கொள்வதுதான். அதன் உடம்பு ஏறத்தாழ 41 பாகை. நாளில் பல முறை முட்டைகளை அலகால் உருட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குக் கொண்டுவருகிறது. அடையைத் தேர்ந்த கோழி, வளமான முட்டைகளில் பத்துக்கு எட்டைப் பொரிப்பது வழக்கமாகக் காணக்கூடியதே. பலவீனமும் உண்டு. கோழி இடையில் மனம் மாறலாம். உடும்பும் பெருச்சாளியும் வரும். செம்பனைத் தோட்டத்தையோ வாய்க்காலையோ ஒட்டிய வீடுகளில் மலைப்பாம்பும் வரும். மூசாங் எனும் மரநாய் இரவில் ஓலைக்கூடையைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கம்பி வலையைத் தரைக்குக் கீழேயும் மடித்துக் கட்டிய கூண்டு இல்லாவிட்டால் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொரிப்புப் பெட்டிக்கு வருவோம். இன்குபேட்டர் என்றே கேட்டு வாங்குகிறோம். ஷாப்பியிலும் லசாடாவிலும் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கான பிளாஸ்டிக் பெட்டிகள் எளிதாகக் கிடைக்கின்றன. கோழிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, பாம்பு பற்றிய பயமில்லை, முப்பது முட்டையானாலும் ஒரே நாளில் வைக்கலாம், பெரிய பண்ணைகளில் கழித்துவிட்ட செம்முட்டைக் கோழிகளை வளர்ப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அந்த இனங்களில் அடைக்கு உட்காரும் குணம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து நீக்கப்பட்டுவிட்டது.

மின்விசிறியுள்ள பெட்டியில் 37.5 பாகை, விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.8. பெட்டியின் முகப்பில் ஒளிரும் எண்ணை அப்படியே நம்புவது இதில் பலரும் அடி வாங்கும் இடம். மலிவான பெட்டிகளில் ஒரு பாகை வித்தியாசம் சாதாரணம். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி 35 முதல் 42 பாகைவரை நுட்பமாகக் காட்டுமாதலால், முட்டை வைப்பதற்கு முன் பெட்டியை ஒரு நாள் ஓடவிட்டு அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். வெப்பம் தொடர்ந்து கூடினால் 19, 20ஆம் நாளிலேயே கால் வளைந்த, தொப்புள் ஆறாத குஞ்சுகள் வரும். குறைந்தால் 22, 23ஆம் நாள்வரை இழுத்து, சோர்ந்த குஞ்சுகள் வரும்.

ஈரப்பதத்தில்தான் நம் ஊர் மற்ற ஊர்களைவிட்டு மாறுபடுகிறது, இதை விரிவாகச் சொல்ல வேண்டும். முட்டை 18 நாளில் தன் எடையில் 11 முதல் 13 விழுக்காட்டை நீராவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் தட்டைமுனையில் காற்றறை போதிய அளவு விரிந்து, குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன் முதல் மூச்சை அங்கே எடுக்க முடியும். அதற்குப் பெட்டிக்குள் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் பொருத்தம். குளிர்நாட்டுக்கு எழுதிய கையேடு முதல் நாளிலிருந்தே தண்ணீர் ஊற்றச் சொல்லும். பினாங்கில் வெளிக்காற்று 28 பாகையில் 80 விழுக்காடு ஈரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்றைப் பெட்டி 37.5 பாகைக்குச் சூடாக்கும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 47 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஒரு துளி தண்ணீர் ஊற்றாமலே அளவு சரியாக இருக்கிறது! இதன்மேல் கையேட்டின்படி தண்ணீரும் ஊற்றினால் முட்டை போதிய நீரை இழக்காது. குஞ்சு முழுமையாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்து கிடக்கும். நம்மூரில் “கடைசி நாளில் எல்லாம் செத்துப்போச்சு” என்று கேட்கும் பல புலம்பல்களுக்குப் பின்னால் இந்தத் தண்ணீர் இருக்கும் என்று நினைக்கிறேன். குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் பெட்டியை வைத்தால் கணக்கு தலைகீழ். 24 பாகையில் 55 விழுக்காடு உள்ள காற்று பெட்டிக்குள் 25 விழுக்காடாகக் காய்ந்துவிடும். அங்கே தண்ணீர் கட்டாயம். ஆகவே குளிர்சாதனம் இல்லாத, வெயில் படாத அறையில் வைத்து, 18ஆம் நாள்வரை தண்ணீரின்றி ஓட்டி, அதன்பின் முட்டை உருட்டுவதை நிறுத்தித் தண்ணீர்த்தட்டை நிரப்பி 65 முதல் 70 விழுக்காட்டுக்கு ஏற்றுவதே இங்கு ஏற்ற முறை. மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவர்கள் இந்த ஏற்றத்தைத் தாமே வீணாக்குகிறார்கள். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு குஞ்சு வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம், அதுவரை கையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் இன்னொரு கவலை. மின்கட்டணம் பெரிதன்று, சிறிய பெட்டி மூன்று வாரத்துக்குப் பத்து வெள்ளிக்கு மேல் தின்னாது. பிரச்சினை மின்னல். மாலை நேர இடிமழையில் வீட்டின் மின்கசிவு விசை விழுந்துவிடும்; எல்லாரும் வேலைக்குப் போயிருந்தால் இரவு ஏழு மணிவரை பெட்டி குளிர்ந்து கிடக்கும். ஓரிரு மணி நேரத் தடையைக் கரு தாங்கும். மூடியைத் திறக்காமல் போர்வையால் மூடிவைத்தால் நம் ஊர் வெப்பமே பாதி காப்பாற்றிவிடும். நீண்ட நேரத் தடை முதல் வாரத்துக் கருவைக் கொன்றுவிடலாம். வீட்டில் பகலில் ஆள் இருக்கிறார்களா என்பதும் ஆகவே முடிவில் ஓர் அங்கம்.

21ஆம் நாள் பெட்டியின் வேலை முடிந்துவிடுகிறது. அன்றிலிருந்து வேலை நம்முடையது. பிறந்த குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 பாகை வேண்டும், பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று பாகை குறைக்கலாம். பகலில் விளக்கை அணைத்துவிடலாம் என்றாலும், நம் இரவு 24, 25 பாகை என்பதால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இரவிலும் மழையிலும் சூடு தேவை. வீட்டில் எரியும் எல்.ஈ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது; வெப்பம் தரும் விளக்கு தனியாக வாங்க வேண்டும். விளக்கடியில் குஞ்சுகள் குவிந்து கிடந்தால் குளிர். சுவரோரமாக ஒதுங்கி வாய் திறந்திருந்தால் அதிக வெப்பம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. தீனி எது என்று காட்டவும், பருந்தின் நிழல் கண்டால் எச்சரிக்கவும், ஈரம் பட்டதை இறக்கைக்குள் எடுத்துக்கொள்ளவும் அங்கே யாரும் இல்லை. கூண்டில் எச்சம் மாற்றுவதிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போடுவதுவரை எல்லாம் நாமே. பத்துக் குஞ்சுக்கு இதைச் செய்வதும் முப்பது குஞ்சுக்குச் செய்வதும் ஏறக்குறைய ஒரே உழைப்பு. ஆகவேதான் பெட்டி, முப்பது குஞ்சு வேண்டியவருக்கு நியாயமாகிறது. எட்டுக் குஞ்சுக்குப் பெட்டி வாங்குவது எனக்குப் பொருளுள்ளதாகத் தெரியவில்லை.

பெட்டிக்குச் சாதகமாக ஒரு வலுவான வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அடைக்கு உட்கார்ந்த நாட்டுக்கோழி மூன்று வாரம் அடையிலும், அதன்பின் ஆறேழு வாரம் குஞ்சு மேய்ப்பதிலும் போக, இரண்டரை மாதத்துக்கு முட்டையிடாது. முட்டையைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டுக் கோழியின் அடையைத் தெளியவைத்தால் அது ஓரிரு வாரத்தில் மீண்டும் முட்டைக்கு வந்துவிடும். முட்டைக்காகவே வளர்ப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். அடை தெளியத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு சொருகுவது போன்ற பழைய வழக்கங்கள் கோழியைத் துன்புறுத்துவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. அடித்தளம் கம்பி வலையாக உள்ள, தரையிலிருந்து உயர்த்திய கூண்டில், வைக்கோல் எதுவுமின்றி, நிழலில், தண்ணீரும் தீனியும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் அடிவயிறு குளிர்ந்து அடை தானே இறங்கும்.

மூன்றாவது வழி, பெட்டியையும் கோழியையும் இணைப்பது. கோழி அடைக்கு உட்காரும் அதே நாளில் பெட்டியிலும் முட்டை வைத்து, கோழியிடம் நான்கைந்து முட்டை மட்டும் விட்டு, பொரித்த பின் பெட்டிக் குஞ்சுகளையும் அதனிடம் சேர்த்துவிடுவது. எனக்குப் பிடித்த வழி இதுவே, ஆனால் நேரம் பிசகக் கூடாது. குஞ்சுகள் பிறந்து ஓரிரு நாளுக்குள், இருட்டிய பின், ஒவ்வொன்றாகக் கோழியின் அடியில் நழுவவிட வேண்டும். கோழி குறைந்தது இரண்டு வாரமாவது அடையில் இருந்திருக்க வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து பார்க்க வேண்டும். புதிய குஞ்சைத் தலையில் கொத்தும் கோழி என்றால் உடனே எடுத்துவிட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று விடக் கூடாது. குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள்கருவின் மீதி இருப்பதால் முதல் 48 மணி நேரம் தீனியின்றித் தாங்கும். பகலில் பிறந்ததை இரவுவரை பெட்டியிலேயே உலரவிடுவதில் தவறில்லை. இப்படி ஒரு கோழி பதினைந்து குஞ்சுகள்வரை மேய்க்கும். இறக்கைக்கடியில் எல்லாம் அடங்குகின்றனவா என்று இரவில் பார்த்துக்கொண்டால் போதும்.

தாயோடு குஞ்சுகளை விடும்போது தீனியில் ஒரு கவனம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நான்கு விழுக்காடுவரை இருக்கும். அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய், குஞ்சு இரண்டுக்கும் குஞ்சுத் தீவனத்தையே போட்டுவிடலாம், முட்டையிடாத தாய்க்கு அதில் குறையொன்றும் வராது.

குஞ்சுகளைக் கடையிலிருந்து வாங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கை உறுதி, காத்திருப்பு இல்லை, பொரிப்பகத்திலேயே சில தடுப்பூசிகள் போட்டு வர வாய்ப்புண்டு. ஆனால் ‘கம்போங் கோழி’ என்று விற்பவை பெரும்பாலும் கலப்பினம். ஆக்கார் புத்ரா போன்ற, புத்ரா பல்கலைக்கழகம் உருவாக்கிய இனங்களும் கிடைக்கின்றன. இறைச்சிக்கு அவை விரைவாக எடை கூடும். நம் கொல்லையில் தலைமுறையாக இருக்கும் கோழியின் வாரிசு வேண்டும் என்பவருக்கு இது விடையாகாது. வெளியிலிருந்து வரும் குஞ்சோடு நோயும் வரலாம் என்பதையும் நினைக்க வேண்டும். 2006இல் பறவைக் காய்ச்சல் கோலாலம்பூர், பேராக்கோடு பினாங்கையும் தொட்டது. வாங்கிய குஞ்சுகளை இரண்டு மூன்று வாரம் தனியே வைப்பது நல்லது.

நம் வீட்டிலேயே பொரித்த குஞ்சுக்குத் தடுப்பு மருந்து நாமே பார்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல், அதாவது மலாய்க்காரர்கள் ‘சம்பார்’ என்று சொல்லும் நியூகாசல் நோய், ஒரே வாரத்தில் கூட்டத்தையே காலி செய்துவிடும். 1980களில் மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தில், வெப்பம் தாங்கக்கூடிய, தீனியில் கலந்து கொடுக்கத்தக்க வி4 தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். குளிர்பெட்டி வசதியில்லாத கம்பத்துக் கோழிகளை எண்ணியே செய்த வேலை அது. இன்று எந்த மருந்து, எந்த வயதில் என்பதைக் கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது எளிது. தாய்க்கோழிக்கு முன்பே தடுப்பு கொடுத்திருந்தால் மஞ்சள்கரு வழியாக முதல் சில வாரங்களுக்குக் குஞ்சுக்கும் கொஞ்சம் காப்பு கிடைக்கும். ஆகவே அடைக்கு விடும் முன்னரே தாயின் தடுப்பு மருந்தை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கொசு பரப்பும் அம்மையும் ஈரத்தரையில் பெருகும் இரத்தக்கழிச்சலும் தாயோடு திரியும் குஞ்சுகளை அதிகம் பிடிக்கும், பெட்டிக் குஞ்சை விளக்கடியில் உலர்ந்த தரையில் வைத்திருப்பவருக்கு இந்த ஒரு விஷயத்தில் ஆதாயம் உண்டு.

தாமானில் இருப்பவர்கள் கடைசியாக ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த வழியில் பொரித்தாலும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவலாக இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் விடியற்காலை கூவத் தொடங்கும். அண்டை வீட்டார் மாநகர் மன்றத்துக்குப் புகார் எழுதினால் சேவலோடு கோழி வளர்ப்பும் நின்றுவிடும். குடியிருப்புப் பகுதியில் கோழி வைத்துக்கொள்ள என்ன விதி என்பதைத் தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திடமும், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. சேவல்களை எங்கே கொடுப்பது என்று முதலிலேயே பேசிப் பார்த்தால் அடைக்கு வைக்கும் முட்டைகளின் எண்ணிக்கையும் தானே குறையும். முனியாண்டி படையலுக்கும் தீபாவளிக்கும் நாட்டுச் சேவல் தேடுபவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் தேடும் மாதத்தில் நம் சேவல் தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே, வலுவான கம்பிக் கூண்டும் உறுதியாக உட்கார்ந்த நாட்டுக்கோழியும் இருந்தால் பத்து முட்டைவரை கோழியிடமே விடுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் பெட்டியைச் சேர்த்துக்கொண்டு, குஞ்சுகளைக் கோழியிடம் ஒப்படையுங்கள். அடைக்கு உட்காராத இனமோ, முட்டைக்காக மட்டுமே வளர்ப்பதோ, பாம்பைத் தடுக்க முடியாத இடமோ என்றால் பெட்டி மட்டும். பகலில் வீட்டில் ஆளே இல்லை, விளக்கடியில் குஞ்சு பார்க்கவும் நேரமில்லை என்பவர் இந்த முறை அடையைத் தெளியவைத்துவிட்டு, முட்டையைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம். நாளைத் தேர்ந்துகொள்ளும் வசதி இருப்பவர்கள் பினாங்கின் மழையைப் பார்த்துத் தேர்வது நல்லது. செப்டம்பர், அக்டோபரில் தரை உலரவே உலராது. ஜனவரியும் பிப்ரவரியும் ஆண்டின் வறண்ட மாதங்கள். டிசம்பர் 10 அளவில் முட்டை வைத்தால் மாத இறுதியில் குஞ்சு வெளிவரும், ஈரம் தாங்காத முதல் ஆறு வாரங்களை அவை காய்ந்த மண்ணில் கழிக்கும்.